நான் கழுவாத ஆறு பாட்டில்கள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியோடு பேச்சை நிறுத்திவிட்டது. உன் சௌக்கியம் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் ஃபோன் போட்டால் அம்மா மீட்டிங்ல இருக்கேன் அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய், அந்த அப்புறம் வந்து சேரவில்லை, இன்றோடு பதினோரு நாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நீ கட்டாயம் திறக்கிற ஒரே பெட்டிக்குள், ஏரித் தண்ணீர் பாட்டில்களுக்கு மேலே, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பெற்றவள் கூப்பிட்டால் வராவிட்டாலும் பாட்டில் பெட்டி வந்தால் ஓடி வந்து பிரிப்பாய் என்று தெரியும். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்கிற விஷயமில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மாமாவின் கோழிப்பண்ணைதான் நம் ஏரியைக் கெடுக்கிறது என்று நகரசபைக்கு ஒரு அறிக்கை அனுப்பினாயே, அதிலுள்ள எண்களெல்லாம் தப்பு. தப்பு உன் மெஷினில் இல்லை, தண்ணீர் பிடித்த அப்பாவிடமும் இல்லை, என் கையில். வரும் இருபதாம் தேதி நகரசபை கூடி பண்ணையை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறது. அதற்குள் நீ அந்த அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான், மீதியெல்லாம் இது எப்படி நடந்தது என்கிற கதை, என் மானம் போன கதை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் நீ முதல் பெட்டியை அனுப்பியபோது அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். பஸ் டிப்போவில் நேரம் குறித்தே முப்பத்தோரு வருஷத்தை ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு எந்த பஸ்ஸும் தன்னைக் கேட்டுக் கிளம்புவதில்லை என்ற துக்கத்தில் இருந்தவர், ஏரிக்கரையில் ஐந்து இடத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் பிடிக்கணும் என்று நீ சொன்னதும் பத்து வயசு குறைந்துவிட்டார். ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு முதல் பாட்டில், ஏழு இருபதுக்குக் கடைசி பாட்டில், ஒரு நிமிஷம் பிசகினால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். நீ எழுதிக் கொடுத்த விதிமுறைத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரைக்கும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். பாஸ்பேட் என்று ஒன்று இருக்கிறதாம், கோழி எருவில் நிறையவாம், ஏரியில் சேர்ந்தால் பாசி மண்டி மீன் சாகுமாம், அது மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம், மழையில் மண் கரைந்து ஓடினால்தான் கூடவே ஏரிக்குப் போகுமாம். நைட்ரேட் அப்படியில்லையாம், தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள்ளே இறங்கிக் கிணறு வரைக்கும் போய்விடுமாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். முதலாவது உன் பெரியப்பா, நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினால்தான் இடத்தை விட்டு நகருவார். இரண்டாவது உன் அண்ணன், யார் கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவான். இப்படிப் புரிந்துகொண்டதற்கு நீ எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

இப்போது பாட்டில்களுக்கு வருகிறேன். உன் ஆபீஸிலிருந்து வந்த பாட்டில்களை மூடி திறந்து முகர்ந்து பார்த்தேன், புளித்த வாடை அடித்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் மேற்பார்வை பார்த்தவள் நான். ரத்தக்கறையா, மருந்துக்கறையா, தையல் போட்ட இடத்துச் சீழா என்று தூரத்திலிருந்தே சொல்வேன். என் கையால் வெளுத்த படுக்கை விரிப்பில் குறை கண்டுபிடிக்க வந்த பெரிய டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார். என்னிடம் போய் இப்படி ஒரு பாட்டிலா. படித்த பிள்ளைகள் கழுவுகிற லட்சணம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தனையையும் என் சலவைப் பவுடரில் ஊறப்போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, கடைசியில் பளபளப்புக்காக லேசான பவுடர் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போடுகிற அதே கடையிலிருந்துதான் எனக்கு மூட்டை வருகிறது, கடையில் பாக்கெட்டில் விற்கிற நுரையெல்லாம் என்னிடம் பலிக்காது. உன் தாளில் நாலாவது வரியில், பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, பிடிக்கிற தண்ணீரிலேயே மூன்று முறை அலசவும் என்று இருந்தது. படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், படித்தேன். அது கழுவத் தெரியாதவர்களுக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்கிற ஆபீஸுக்குப் போகிற சாமான், நம் வீட்டிலிருந்து அழுக்காகப் போகலாமா? முதல் வாரம் அப்பா ஏரித் தண்ணீரை ஊற்றி அலசப் போனபோது, சுத்தமான பாட்டிலை எதுக்குங்க பாசித் தண்ணில நாசம் பண்றீங்க என்று கரையிலேயே ஒரு பிடி பிடித்தேன். அன்றோடு அலசுவதை நிறுத்திவிட்டார். நாலாவது வரி ஞாபகம் இருந்ததா என்று போன வாரம் கேட்டதற்கு, ஞாபகம் இருந்துது, ஆனா அதை உன்கிட்ட யாரு சொல்றது என்றார். இந்த மனிதர்தான் ஒரு டிப்போவையே கட்டி மேய்த்தவர்.

இது வெளிச்சத்துக்கு வந்தது உன் மாமாவால். உன் அறிக்கையை வைத்து நகரசபை அவனுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், எனக்கும் ஒருதடவை சோதிச்சுக் காட்டுங்க என்று நகரசபையில் எழுதிக் கொடுத்திருக்கிறான். குடிநீர் நிலையத்திலிருந்து ஒரு கெமிஸ்ட் பெண் வந்து அதே ஐந்து இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு வந்தது உன் எண்ணில் ஆறில் ஒரு பங்கு. அவள் நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், நீங்க எப்படிங்க பிடிக்கிறீங்க, பார்க்கலாமா என்று. எனக்கு வாயெல்லாம் பல். ஜன்னல் மேடையில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த பாட்டில்களைக் காட்டினேன். எதுல கழுவினீங்க என்று கேட்டாள். இவளுக்காவது நல்ல பவுடரின் அருமை தெரியட்டும் என்று மூட்டையையே இழுத்து வந்து முன்னால் வைத்தேன். மூட்டையில் அச்சடித்திருந்த பொடி எழுத்தைக் குனிந்து படித்தாள், படித்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா, இதுல பாதி பாஸ்பேட்டுதான், நீங்க தேடற சாமானை நீங்களே பாட்டில்ல தடவி அனுப்பியிருக்கீங்க என்றாள். அந்தப் புளித்த வாடை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய வாடையாம், அதைவிடச் சுத்தமாக ஒரு பாட்டில் இருக்கவே முடியாதாம். ஏரியில் தேடுவது ஒரு பெரிய தொட்டிக்கு ஒரு சிட்டிகை என்கிற கணக்காம், நான் பளபளப்புக்கு முக்கிய முக்கு அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டதாம். என் முகத்தில் ஈயாடவில்லை. சலவையில் என்னை யாரும் மடக்கியதில்லை, மடக்கியவள் என் மகளைவிட இரண்டு வயசு சின்னவள்.

இது வரைக்கும் என் தலையில் நானே கொட்டிக்கொண்டேன். இனி உன் முறை, தலையைக் கொடு. அந்தக் கெமிஸ்ட் உன் அறிக்கையைப் பிரித்து ஏழாம் பக்கத்தை எனக்குக் காட்டினாள். முதல் இடம் ஏரிக்கு ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற இடம், பண்ணைக்கு மேலே, மேட்டில். அங்கேயும் பண்ணைக்குக் கீழே இருந்த அதே எண். ஐந்து இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பது சலவைக்காரிக்குத் தெரியும், உனக்குத் தெரியாதா? நீ அதற்கு, காற்றில் பறக்கும் கோழி எருவின் தூசி மேலேயும் படிந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டாய். உன் மாமாவின் கோழிகள் ஒரு கூடை எருவைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறிப் போயின என்று எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். வேறு யாருடைய பண்ணையாக இருந்திருந்தால் அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, பாட்டிலை என்ன பண்றீங்க என்று கேட்டிருப்பாய். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டிருப்பாய். எனக்குக் காரணம் தெரியும். நீ மண்ணைப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, மண்ணைப் படிக்கவா காலேஜு, என் பண்ணைக்கு வா, சம்பளம் குடுத்து அள்ள விடறேன் என்று அவன் சொன்னான், வீடே சிரித்தது. நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நானும்தான் சிரித்தேன். அது தப்பு என்று ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன், அதற்கும் என்னைத் திட்டிக்கொள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அவனுடைய பண்ணை விலை இல்லை.

அவனும் ஒன்றும் உத்தமன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பாய். எருவைச் சரிவில் திறந்த வெளியில் மலை மாதிரி குவித்து வைத்திருக்கிறான், மழை வந்தால் கரைந்து இறங்காமல் என்ன செய்யும். கெமிஸ்ட் பிடித்ததிலும் அவனுடைய கரைக்குக் கீழே எண் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. குவியலுக்குக் கூரை போடணும், கீழே நாலு அடிக்குப் புல் வளர்த்து மண்ணை நிறுத்தணும் என்று கெமிஸ்ட் அவனை வறுத்து எடுத்துவிட்டாள். அது கூரை போடுகிற குற்றம், பண்ணையை மூடுகிற குற்றம் இல்லை. அங்கே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள்.

அவன் நம் வீட்டுக்கு வந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. தினம் காலையில் பின்கதவு வழியாக வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடிப்பான், பேப்பரைப் படித்துவிட்டு மடிக்காமல் போவான். இருந்தபோது தொல்லை என்று பேசினேன். இப்போது அந்தக் காலி ஸ்டூலைப் பார்க்க முடியாமல், துணி காயப்போடுகிற சாக்கில் அதை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். கெமிஸ்ட் போன கையோடு நானே பண்ணைக்கு நடந்து போய் நடந்ததைச் சொன்னேன். என்னைக் கேலி பண்ணுவான், ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் சிரிக்கவே இல்லை. என்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது, எழுதினவகிட்ட சொல்லு என்றான், தீவன மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கேலி பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கினால் உன் ஆபீஸில் உன்னைப் பற்றி நாலு விதமாகப் பேசுவார்கள், தெரியும். அம்மாவின் சலவைப் பவுடரை ஏரி என்று நினைத்தவள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரிப்பு எத்தனை நாளைக்கு உள்ளே கிடந்து அரிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், ஆனாலும் அதில் யாருக்கும் வேலை போகாது. என்மேல் எவ்வளவு பழி போட வேண்டுமோ போடு, சலவைக்கூட மேற்பார்வையாளர் என்று பதவியோடு எழுது. நகரசபைக்கு நான் என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன், அப்பா தேதியும் மணியும் நிமிஷமும் போட்டுக் கையெழுத்துப் போட்டார். அது போதாது, அறிக்கை உன்னுடையது, நீ சொன்னால்தான் செல்லும் என்கிறார்கள்.

இனி பெட்டியைக் கவனி. உள்ளே ஏழு பாட்டில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை ஏரி, அதே ஐந்து இடம், நீ அனுப்பிய புளித்த வாடையோடு அப்படியே, மூன்று முறை அலசி அப்பா பிடித்தது. நான் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், அந்த அரைமணி நேரம் நான் பட்ட பாடு உனக்குப் புரியாது. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியது என் முறைப்படி கழுவியது, உள்ளே இருப்பது பேட்டரிக் கடையில் வாங்கிய வடித்த தண்ணீர், ஏரியின் ஒரு சொட்டுகூட இல்லை. அதிலும் கோழி எரு என்று வந்தால் உன் மாமாவின் கோழிகள் என் சமையலறையில் முட்டையிடுகின்றன என்று அர்த்தம். இது என் சொந்த யோசனை, நல்ல சோதனை என்று கெமிஸ்டே சொன்னாள். ஆறு என்று எழுதியிருக்கிற பாட்டில் யாரும் கேட்காதது. ஏரி பச்சையாகத்தான் இருக்கிறது மகளே, போன வாரமும் கரையோரம் மீன் செத்து ஒதுங்கியது. அவன் எரு கொஞ்சம், மீதி எங்கிருந்து என்று கெமிஸ்டைக் கேட்டேன். அவள் என் மூட்டையைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியாக நம் துணி துவைக்கிற கல்லைப் பார்த்தாள். அந்தக் கல்லிலிருந்து போகிற வாய்க்கால் தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு எண்பது அடியில் ஏரியில் விழுகிறது. விழுகிற இடத்தில், அதையும் நான் கழுவாமல், அப்பா பிடித்ததுதான் ஆறாம் பாட்டில், நான் துவைத்து முடித்த நேரம் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, இந்த வாரம் மாமாவுக்கு நீயே ஃபோன் போடு, அவன் எடுக்காவிட்டால் மறுபடியும் போடு, எடுக்காத ஃபோன் எப்படி இருக்கும் என்று நீயும் தெரிந்துகொள். நீ நல்ல பேரோடும் அதைவிட நல்ல மனசோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். இருபதாம் தேதியை மறக்காதே. அளக்கும்போது ஆறாம் பாட்டிலை முதலில் அள. என்ன எண் வந்தாலும் கூட்டாமல் குறைக்காமல் எழுது, உன் மாமாவின் பேர் இருந்த இடத்தில் என் பேரைப் போடு.

இப்படிக்கு,
பாட்டிலில் கை வைக்காத
உன் அம்மா