குடத்துக்குக் காவல்

டொரண்டோ
4 மார்ச் 2024

பாசமுள்ள ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு,

நலமா? அம்புரோஸ் மாமாவுக்கு இருமல் குறைந்ததா?

வீட்டை விற்க நீ அனுப்பிய பவர் பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. அப்பா கட்டிய வீடு, மனசு வரவில்லை. வாசலில் அடிபம்பு, காலையில் தெருவே கூடி நிற்கும், நான் கைப்பிடியில் தொங்குவேன், நீ சிரிப்பாய். குழாயைத் திறந்தால் தண்ணீர் என்று வளர்ந்த என் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் ஏது? நீங்கள் வாங்கப்போகும் பெரம்பூர் ஃபிளாட்டில், நாலாவது மாடியில், யார் முகத்தைப் பார்ப்பாய்? கொஞ்சம் யோசி.

உன் தம்பி,
ஜெரி

திருவொற்றியூர்
15 மார்ச் 2024

அன்புத் தம்பி ஜெரிக்கு,

பத்திரம் வந்தது. அதையே மறுபடியும் இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. கோபம்தான், மறைப்பானேன்? பம்பில் இப்போது மஞ்சளாய் வருகிறது, எண்ணெய் நாற்றம் வேறு. "கலீஜா கீது, கால் கழுவக்கூட ஆவாது" என்கிறார் உன் மாமா. இந்த முட்டிவலியோடு லாரித் தண்ணிக்கு நான்தான் நிற்கிறேன். கன்டெய்னர் லாரிப் புகையில் அவர் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். டாக்டர் இடம் மாறியே ஆக வேண்டும் என்கிறார். ஃபிளாட்டை மாதக் கடைசி வரைதான் நமக்காக வைத்திருப்பார்கள்.

எனக்கு மட்டும் ஆசையா? அங்கே நம் கோயில் மணி கேட்காது. பிலோமி மீன்கூடையை இறக்கிவைத்து ஊர்க்கதை பேச மாட்டாள். அழுதுவிட்டுத்தான் சம்மதித்தேன்.

பம்பைப் பற்றி எழுதியிருந்தாய். வரிசையில் குடத்தை வைத்தால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டி உதைத்துத் தள்ளிவிடுவார்கள். அம்மா வேலைக்குப் போனதும் நம் குடத்துக்குக் காவல் யார்? ஏழாவதில் நான் பள்ளிக்கூடம் போனது நாற்பதே நாள். பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் வீடு தேடி வந்து கேட்டார். "தண்ணி யாரு புடிக்கிறது சிஸ்டர்? பையன் படிக்கட்டும்" என்றாள் அம்மா. அத்தோடு நின்றுவிட்டேன். உன்மேல் வருத்தமில்லைடா. நீ சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது.

அக்கா,
ஃப்ளோரன்ஸ்

டொரண்டோ
22 மார்ச் 2024

அக்காவுக்கு,

துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, பத்திரத்தை இதோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் கிடைத்துவிடும். மாமாவைச் சீக்கிரம் அழைத்துக்கொண்டு போ.

ஞாபகம் இருக்கிறது அக்கா. சிஸ்டர் வந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நானும் முறை வைத்துத் தண்ணி பிடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் படிப்பும் போய்விடுமோ என்று பயந்து, வாயைத் திறக்கவில்லை.

ஜெரி