ஓசி சைக்கிளும் தீய்ந்த சாம்பாரும்

ரேணுகா,

சாம்பார் தீய்ந்தது என் கைங்கரியம். ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் பக்தவத்சலம் சார், “ஓசியில வாங்கித் தின்னுதான் நாடே குட்டிச்சுவராப் போச்சு” என்று போட்டார். “கவர்மென்ட் குடுத்த ஓசி சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போனவதான் என் பொண்டாட்டி. இன்னிக்கு டீம் லீடர்!” என்று நானும் அடுப்பை மறந்து போட்டேன். அதை என் போனில் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நீ குளிக்கப் போய்விட்டாய்.

உன்னைக் கேட்காமல் போட்டது தப்புதான். ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஃபிளாட் சங்கச் செயலாளரே வந்து சொன்னாலும். நீ சொன்னால் மட்டும் அழிக்கிறேன். இந்தச் சீட்டிலேயே கீழே பதில் எழுது.

தயிர் ஃபிரிட்ஜில். நீ கிளம்பும்போது சாவியை என் பழைய ஷூவுக்குள் வை.

பி.கு. சட்டியைத் தொடாதே, நானே தேய்க்கிறேன்.

அழிக்க வேணாம். நான் மேனேஜராகி ஆறு மாசமாச்சு. அதைத் திருத்திட்டு, என்னையும் குரூப்ல சேருங்க.
– ரேணுகா