யார் மடியில் காது குத்துவது

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட என் அக்காவுக்கு,

ஆரம்பாக்கத்தில் மழை. உன் மகள் தேவி நன்றாக இருக்கிறாள். உன்னைப் போலவே சோற்றில் தக்காளியை ஒதுக்குகிறாள்.

ரயிலேறிச் சென்னை போய் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்து வருகிறேன். அம்மாவின் தம்பி, நம் சின்ன மாமா, சிறு வயதில் நம் இருவருக்கும் செய்ததைச் சொன்னேன். முழுதாக அல்ல. "வீட்ல ஒருத்தர்" என்ற அளவில்.

இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்றில், கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பது போல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுபடி மறுபடி, பயம் தேயும்வரை. மற்றதில், முதலில் இன்றைக்கு வாழப் பழக வேண்டும். உடம்பு உறையும்போது காலடித் தரையை உணர்வது. வேண்டாம் என்று சொல்வது. பழைய கதை பிறகு.

"எதுல சீக்கிரம் சரியாகும்?"

"ஆளுக்கு ஆள் மாறும். முதல் வழியைத் தாங்க முடியாம பாதியில நிறுத்தறவங்க உண்டு. ரெண்டாவதுலயே தங்கி, கடைசிவரை சொல்லாமலே இருக்கறவங்களும் உண்டு."

இரண்டாவதை எடுத்தேன். அது நிதானமா, ஒளிந்துகொள்வதா? நீ எதை எடுத்திருப்பாய்?

அந்த நேரத்தில்தான் தேவிக்குக் காதுகுத்த நாள் குறித்தார்கள். நமக்கு அண்ணன் தம்பி இல்லை. தாய்மாமன் இடத்தில் சின்ன மாமாவே உட்காரட்டும் என்று முடிவானது. அவர் மடியில் தேவி.

உறைந்தேன். பிறகு, காலடியில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி.

"வேணாம்மா."

"இன்னாடி வேணாம்? மாமன் மடி இல்லாம காது குத்துவாங்களா? ஊரே சிரிக்கும்."

உருக்காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்த உன் வீட்டுக்காரர் சிரித்தார். "படிச்ச பொண்ணு, அத்தே. நாற்காலில குந்த வெச்சுக் குத்தச் சொல்லும்."

வேண்டாம் என்பது போதவில்லை, அக்கா. காரணம் கேட்டார்கள். கண்ணைத் திறந்தபடியே சொன்னேன். யார், எந்த அறை, என்ன. உனக்கு நடந்ததையும். உன்னிடம் அனுமதி கேட்க எனக்கு வழியில்லை.

மச்சான் எழுந்து வெளியே போனார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"இத்தினி வருசமா ரெண்டு பேரும் மனசுலயே வெச்சுக்கினு இருந்தீங்களா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?"

மறுநாள் காலையில் மாமாவுக்குப் போன் செய்து, வராதே என்று சொன்னது அம்மாதான்.

நேற்று காது குத்தினோம். "மாமன் எங்கம்மா?" என்றார் பத்தர். "நான்தான் மாமன், குத்துங்க" என்றேன். தேவி என் தோளைக் கடித்துவிட்டாள்.

நான் சரியாகிவிடவில்லை. எந்த வழி மேல் என்றும் தெரியவில்லை. அடுத்த முறை ஆலோசகரிடம் முழுதாகச் சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. தேவி எதைச் சொன்னாலும், முதல் தடவையே நம்புவேன்.

உன் தங்கை,
உன் மகளுக்குச் சித்தி