நூற்று எட்டுக்கு மேலே

மதுரை,
திங்கட்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யபிரியா எழுதுவது. நான் நலம். முருகேஸ்வரி மதினிக்கு முதுகு வலி தேவலையா? போனில் பேசினால் நீங்கள் மைக்செட் கடையில் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். இது நாலு பேர் கேட்கிற விஷயம் இல்லை.

அம்மன் கோயில் பொங்கலுக்குக் கண்மாய்க்கு அக்கரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு வயர் இழுக்காமல், நீங்களே செய்த டிரான்ஸ்மிட்டரை ஓட்டினீர்கள். எஃப்எம் பாட்டு குறுக்கே வருகிறதென்று அலைவரிசையை நூற்று எட்டுக்கு மேலே ஏற்றிவிட்டு, 'அங்குட்டு ஒரு ஸ்டேசனும் இல்ல, காலியாத்தான் கிடக்கு' என்றீர்களாம். மதினி சொன்னார்கள்.

அது காலி இல்லை, அண்ணே. நூற்று எட்டு மெகாஹெர்ட்ஸ் வரைதான் பாட்டு. அங்கிருந்து நூற்றுப் பதினெட்டு வரை விமானத்துக்கு வழிகாட்டும் சிக்னல்கள். அதற்கும் மேலேதான் பைலட்டும் டவரும் பேசிக்கொள்வது. ஓடுபாதைக்கு நேராக வருகிறோமா என்று பைலட் பார்க்கும் முள், உங்கள் செட் ஓடிய அதே அலைவரிசையில்தான் சிக்னல் எடுக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு பைலட், யாரோ தமிழில் பேசுவது கேட்கிறது, முள் ஆடுகிறது என்று சொல்லி, இறங்க வந்தவர் மேலே ஏறிவிட்டார். இரண்டாவது முறை ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்கினார். உள்ளே நூற்றைம்பது பேர்.

எங்கள் அதிகாரி காளிராஜ் சார் அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு, குரல் எங்கிருந்து வருகிறதென்று தேட ரிசீவரோடு கிளம்பினார். ஹெட்போன் என் காதில் இருந்தது. காரியாபட்டி தாண்டியதும் உங்கள் குரல். 'நம்மூருப் பொண்ணு, ஏர்ப்போர்ட்டுல வேலை பாக்குற சத்யபிரியா, அம்மனுக்கு மாலை உபயம்.' நான் மாலை எதுவும் கொடுக்கவில்லை. நீங்கள்தான் வாங்கிப் போட்டிருப்பீர்கள்.

சார் கேட்டதற்கு, சரியாகக் கேட்கவில்லை என்றேன். ஓரமாகப் போய் உங்களுக்குப் போன் செய்து செட்டை அணைக்கச் சொன்னேன். 'ஏன் ஆத்தா, கரண்டு பில்லு நீயா கட்டுற?' என்று சிரித்துவிட்டு அணைத்தீர்கள்.

மறுநாள் காலை சாரிடம் போய், அது என் அண்ணன் என்று சொல்லி ஊர்ப்பெயரையும் எழுதிக் கொடுத்தேன். 'நேத்தே சொல்லியிருக்கலாம்லம்மா' என்றார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

வருகிற சனிக்கிழமை விசாரிக்க வருகிறார்கள். செட்டை எடுத்துப் போவார்கள். அபராதமா, வழக்கா, தெரியவில்லை. எதையும் ஒளித்து வைக்காதீர்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று ஊருக்குள் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

அவர்கள் வரும் வண்டியில் நானும் வருகிறேன். இறங்கி முதலில் வாசலுக்கு வருவது நான்தான். மதினியை அனுப்பாமல், நீங்களே வந்து கதவைத் திறங்கள்.

உங்கள் தங்கை,
சத்யபிரியா