மணலுக்கு எந்த வண்டி

ஆகஸ்ட் 2
அக்கா போன் பண்ணினாள். எட்டாம் தேதி அவள் மகன் அனிருக்கு முதல் முடிவெட்டு. பன்னிரண்டு மிருக வருஷங்களில் மாட்டு வருஷத்தில் பிறந்தவர்தான் முதல் கத்திரி வைக்கணும் என்று லாமா சொல்லிவிட்டாராம். மாட்டு வருஷம் என்றால் நான். எப்போதும் மாட்டிக்கொள்கிறவள், முதல்முறையாக நல்லதில் மாட்டியிருக்கிறேன்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வரலேன்னா அத்தானோட தம்பி வெட்டுவான். அவனும் மாட்டு வருஷம்தான்."

அவனா! அவனைக் கண்டால் செம்மறி ஆடுகளே முடியை மறைத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 5
அக்காவின் கூடாரம் கோபிப் பாலைவனத்துக்கு உள்ளே. ரோடு கிடையாது. அப்பா நம்ம ஜப்பான் காரிலேயே போகலாம் என்கிறார்.

அம்மா: "அதோட வயிறு தரையில உரசும். என் தம்பி தோர்லிக்கோட ரஷ்ய வேன்தான் சரி. நின்னா சுத்தியலால ரெண்டு தட்டு, ஓடிடும்."

அப்பா: "என்னையும் அப்படித்தானே ஓட்டுற."

வேனில் என் இடம் ஸ்டெப்னி டயர். பக்கத்தில் விருந்துக்குப் போகும் ஆடு. காரில் ஏசி.

ஆகஸ்ட் 7, காலை
வேன்தான் என்று அம்மா முடிவு பண்ணிவிட்டாள். அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். தோர்லிக் மாமா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?"

புறப்படும் முன் அதை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வழி நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கயிற்றை இன்னும் இறுக்கினார். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கயிற்றைக் கீழே போட்டார்.

"இந்த வாயை என் வண்டியில ஏத்தமாட்டேன். நாங்க சாயங்காலம் கிளம்பறோம். நீங்க எதுலயாவது போங்க."

கார்! வழி நல்லபடி அமையணும் என்று பக்கத்து வீட்டுக்காரி பின்னால் பால் தெளித்தாள். ஜன்னல் வழியாகப் பாதி என் மூஞ்சியில்.

ஆகஸ்ட் 7, மாலை
மணல். அப்பா மிதிக்க மிதிக்க இறங்குகிறோம். ஏசி மட்டும் பிரமாதம்.

"குளுகுளுன்னு இருக்கா?" என்றாள் அம்மா.

கத்திரி அத்தான் தம்பி கைக்குப் போகப்போகுது. ஏன்டி நொமூன், வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?

ஆகஸ்ட் 8
விடிந்ததும் வேன் வந்தது. தோர்லிக் மாமா தலையை நீட்டினார்.

"எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீங்க?"

முகத்தில் சிரிப்பே இல்லை.

கயிறு கட்டி இழுத்தார். வந்தது பம்பர் மட்டும். அப்பா காருக்குக் காவல். நானும் அம்மாவும் வேனில் ஏறினோம், மடியில் பம்பர், தோளில் ஆட்டின் தாடை.

போய் இறங்கினால், அத்தான் தம்பி சடங்குக்கு நீலத்துணி கட்டிய கத்திரியைப் பிடித்துவிட்டான். ஆனால் அனிர் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில். என் கையில் பம்பரைப் பார்த்ததும் வெளியே வந்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைக் காட்டினான்.

எனக்குத்தான் காட்டினான். முதல் வெட்டு என்னுடையது.

ஆகஸ்ட் 10
காரைத் தோண்டி எடுத்தாயிற்று. "ஏசி இருக்கு, வர்றியா?" என்றார் அப்பா. நான் ஏற்கெனவே ஸ்டெப்னியில். எங்களோடு ஊருக்கு வரும் அனிர் மொட்டைத் தலையோடு என் மடியில்.

"சித்தி, எப்போ போய்ச்—"

வாயைப் பொத்தினேன். தோர்லிக் மாமா கண்ணாடியில் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.