ஐந்துக்கு அப்புறம்

ஒரகடம்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முட்டிவலி தேவலையா? சாமை அறுப்பு முடிந்ததா? மலையில் சிக்னல் கிடைக்காததால்தான் இந்தக் கடிதம். நான் நன்றாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனியில் தீ ஒத்திகை நடந்தது. பயப்படாதீர்கள், தீ ஒன்றும் பிடிக்கவில்லை. எங்களை வெளியே வரிசையாக நிறுத்தி, சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டார். பட்டியில் ஆடுகளை அடைத்ததும், "வூட்டுக்கு வந்த வரிசையில நம்பர் சொல்லுங்க பசங்களா" என்று எங்கள் பதினோரு பேரையும் எண்ணுவீர்களே, அந்த நினைப்பு வந்துவிட்டது. என் பேர் வந்ததும் "ஆறு!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாமா ஆறு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹோமிலிருந்து நீங்கள் கூட்டி வந்த ஆறாவது பிள்ளை நான் என்று அவரிடம் எங்கே போய்ச் சொல்வது?

அறையில் என்னோடு இருக்கும் பெண்ணுக்கு நைட் ஷிப்டு. நான் வரும்போது அவள் கிளம்பிவிடுவாள். சோறு வடிக்கத்தான் இன்னும் அளவு வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் புளியும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். மஞ்சுளா போர்த்திக்கொள்கிறாள் என்றால் போர்வை வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று அம்மா. நான் இல்லையென்று மஞ்சுளாவை ஆறு சொல்ல வைக்காதீர்கள், அவள் ஏழாகவே இருக்கட்டும். ஐந்துக்கு அப்புறம் கொஞ்சம் நில்லுங்கள். நான் இங்கிருந்து சொல்லிவிடுகிறேன்.

கோகிலவாணி