போனுக்குள் இரண்டு கல்வெட்டுகள்

11.02.2025, செவ்வாய்

போனில் இடமில்லை என்று இன்றும் காட்டியது. நான் வேலை செய்கிற தட்டச்சுக் கடையின் முதலாளி சுபத்திரா அக்காவிடம் சொன்னேன்.

"உன்ர படங்களை அழியன். சும்மாவோ சம்பளம் தாறன்?"

நேரில் அக்கா என்பேன். இந்தக் கொப்பிக்குள் எழுதும்போது அவள்.

கடைக் கம்பியூட்டர் ஒரு வருடத்தில் இரண்டு தரம் செத்து எழும்பியது. மன்னார் அச்சகத்துக்குப் பென் டிரைவ் கொண்டுபோனால் வைரஸோடு திரும்பி வரும். அதனால் நான் அடித்து முடிக்கிற எல்லாம் வயரால் என் போனுக்குள் போகிறது. கம்பியூட்டரில் ஒன்றும் வைக்கக்கூடாது என்பது அவள் கட்டளை. காணிக் கடிதங்கள், சாமத்தியவீட்டு அழைப்பிதழ்கள், கோயில் நோட்டீஸ். எங்கள் ஊர் இலுப்பைக்கடவையில் பாதி என் கைப்பைக்குள் கிடக்கிறது. போன் மட்டும் என்னுடையது.

மடு மாதா கோயிலில் எடுத்த அறுபத்திரண்டு படங்களை அழித்தேன். ஒன்றில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

13.02.2025

இன்று ஒருவரோடும் பேசவில்லை. நல்ல நாள்.

17.02.2025, திங்கள்

சுபாஸ்கரன் கடைக்கு வந்தார். என் அண்ணியின் தமையன். அவர்களுடைய அப்பா இரத்தினம் இரண்டாம் தேதி செத்தவர். முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டுமாம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவுகளின் பெயர்கள். இருபத்தெட்டுப் பக்கம், இருநூறு பிரதி.

நான் யார் என்று அவருக்குத் தெரியும். என் அண்ணன் ரவிசந்திரனை அவருடைய தங்கச்சி தக்சிகா கட்டி மூன்று வருடம். நாங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஆட்கள். அதற்காகச் செத்தவீட்டில் அண்ணியைப் படலைக்கு வெளியே நிற்பாட்டினார்கள். அப்பாவின் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

என்னைப் பார்க்காமல், "பிழையில்லாமல் அடிக்கச் சொல்லுங்கோ" என்று சுபத்திராவிடம் சொன்னார். நான் ஒரு முழத் தூரத்தில் இருந்தேன்.

எழுதிக் கொடுத்தது யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் ஒன்றையும் விடவில்லை. மக்கள்: சுபாஸ்கரன், தக்சிகா. மருமகன்: ரவிசந்திரன். அண்ணனின் பெயரை அப்படி அடிக்கும்போது விரல் இரண்டு தரம் பிழைத்தது.

20.02.2025, வியாழன்

சரிபார்க்கக் கொடுத்த தாள் திரும்பி வந்தது. தக்சிகா, ரவிசந்திரன் என்ற இரண்டு பெயருக்கும் மேல் சிவப்புக் கோடு. தாள் கிழியும்வரை கீறியிருக்கிறது.

சுபத்திராவிடம் தாளை நீட்டினேன்.

"என்னட்ட ஏன் காட்டுறாய்? நீதானே அடிச்சனி, நீயே அழி." பிறகு போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "சம்பந்தி வீட்டு வேலை, கவனமாச் செய்வாள்."

அழித்தேன். எத்தனை எழுத்து என்று எண்ணவில்லை. ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், ஆட்கள் போய்விடுவார்கள்.

போனுக்குள் போடும்போது, அதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதற்கு மேல் போடவா என்று கேட்டது. இரண்டையும் வை என்று அமத்தினேன்.

ஏன்? தெரியாது. அண்ணியில் பாசமா? அதுவும் இல்லை. வந்த நாளிலிருந்து அவளுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எங்கள் கறி உறைப்பு, எங்கள் பேச்சு காதைக் குத்துதாம். அம்மா பேச்சியம்மா மட்டும், "பெரிய வூட்டுப் புள்ள, போகப் போகச் சரியாயிரும்" என்கிறது. மூன்று வருடமாகப் போகப் போக.

21.02.2025

அண்ணியிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் ஒன்றும் கேட்கிறதில்லை.

25.02.2025, செவ்வாய்

மன்னார் அச்சகம். பஸ்ஸில் விடத்தல்தீவு தாண்டும்வரை போனைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

அங்கே அச்சடிக்கிற எட்வேட் அண்ணர் என் போனில் வயரைக் குத்தினார். "பிள்ளை, ஒரு பேரில ரெண்டு கிடக்கு. மேல இருக்கிறதுதானே?"

மேலே இருந்தது பழையது. பெயர் அழிக்காதது.

வாய் திறந்து 'இல்லை, கீழே இருக்கிறது' என்றால் முடிந்தது. எனக்குப் பேச வராது என்று எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் எழுப்பி வாசிக்கவிட்டு, தோட்டக்காட்டுக் கதை என்று சிரித்தார்கள். அதோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு அப்படிப் பேச்சு வராமல் போகவில்லை. இதை இங்கேயாவது உண்மையாக எழுதுகிறேன். வந்தது. விழுங்கினேன். அவர் மேலே இருந்ததைத் திறந்தார்.

"வடிவா அடிச்சிருக்கிறாய், பிள்ளை" என்றார் எட்வேட் அண்ணர்.

03.03.2025

கல்வெட்டுப் பெட்டிகள் வந்தன. சுபத்திரா அட்டைப் படத்தை மட்டும் பார்த்தாள். "ஆள் நல்ல நிறமா விழுந்திருக்கிறார்."

04.03.2025, செவ்வாய்

முப்பத்தொன்று. அங்கே வீடு நிறையச் சனமாம். நான் சாப்பிடவில்லை.

05.03.2025, புதன்

காலை ஒன்பதுக்கே சுபாஸ்கரன் வந்துவிட்டார். சபையில் கல்வெட்டு வாசித்தபோது தக்சிகா, ரவிசந்திரன் என்று வாசிச்சுப்போட்டினமாம். அவருடைய அம்மா எல்லோருக்கும் முன்னால் குழறி அழுதாவாம்.

"வேணுமெண்டு செய்தவள். இவளின்ர ஆக்களுக்கு என்ன மரியாதை தெரியும்?"

சுபத்திரா என் போனைப் பறித்து அவரிடம் கொடுத்தாள். "உங்கட கையாலேயே அழியுங்கோ, தம்பி. ஒண்டும் மிஞ்சக்கூடாது."

அவர் பூட்டு இலக்கம் கேட்டார். சொன்னேன். முழுப் போனையும் வெறுமையாக்கப் போகிறார் என்று விளங்கியது.

"அக்கா, அதுக்குள்ள கடை..."

"வாயை மூடு."

மூடினேன்.

நான்கு நிமிடம் எடுத்தது. கம்பனிப் படம் வந்து, மொழி எது என்று புதுப் போன் மாதிரிக் கேட்டது. சுபாஸ்கரன் மேசையில் எறிந்துவிட்டுப் போனார். அப்போதுதான் பிரதேச செயலகத்துக்குக் காணிக் கடிதம் கொண்டுபோக ஒரு ஐயா வந்து, தன்னுடைய கடிதம் எங்கே என்றார். சுபத்திரா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அவளுடைய முகம் போன விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சந்தோஷப்பட்டேன். இருக்கட்டும், அப்படித்தான் பட்டேன்.

"போடி வெளிய."

07.03.2025

சுபாஸ்கரன் வீடு வீடாகப் போய்க் கல்வெட்டுகளைத் திருப்பி வாங்குகிறாராம். சிலர் தர மாட்டோம் என்றார்களாம், செத்தவரின் படம் இருக்கிறதாம்.

09.03.2025, ஞாயிறு

அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் வந்து நின்றாள்.

"ஆர் உன்னைக் கேட்டது? இப்ப அம்மாவை ஒருத்தரும் என்னோட கதைக்க விடீனம் இல்லை. ஒளிச்சு ஒளிச்செண்டாலும் போன் எடுத்தவ. அதையும் கெடுத்துப்போட்டாய்."

எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மா போன் எடுக்கிறவ என்று எனக்கு யார் சொன்னது? நான் ஏன் அதில கையை வைச்சனான்? பெயர்தானே, கிடந்தால் என்ன, போனால் என்ன. எனக்கு அவங்களில கோபம். அதுக்கு அவளின்ர அப்பாவின்ர கல்வெட்டை எடுத்தனான். அதுதான் உண்மை.

18.03.2025, செவ்வாய்

சுபத்திரா வீட்டுக்கே வந்தாள். அம்மா கதிரை போட்டது. அவள் அதில் உட்காரவில்லை.

திருத்தின கல்வெட்டு திரும்ப அச்சடிக்க வேண்டுமாம். சுபாஸ்கரன் விடுகிறார் இல்லையாம். முதலிலிருந்து அடிக்க வேறு ஆள் இல்லை. "நடந்தது நடந்திட்டுது. நாளைக்கு வா. அந்த ரெண்டு பேரையும் விட்டிட்டு அடி, வேற ஒண்டும் இல்லை."

அடுப்படியில் அண்ணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டன்" என்றேன்.

"என்ன?"

"அந்தப் பேரை ஒருக்கா அழிச்சிட்டன். இன்னொருக்கா அழிக்கமாட்டன். வேற ஆளைப் பாருங்கோ."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சுபத்திரா அம்மாவைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பத் தொடங்கியது, முன்னைவிட மெல்ல.